ஒன்றும் தொலையவில்லை!

"ஆ...!"

அந்த அலறல் ஹேங்கரின் தகரக் கூரையில் மோதி, கீழே வரிசையாக நின்றிருந்த மூன்று போர் விமானங்களின் மேல் சிதறி விழுந்தது.

காலை ஆறு ஐம்பத்தைந்து.

அலறியவள் துப்புரவுப் பெண். கையிலிருந்த வாளி கவிழ்ந்து, சோப்புத் தண்ணீர் அவள் செருப்பைத் தாண்டி இருக்கை அறைக்குள் ஓடியது. சுவரில் மோதித் திரும்பி வந்தபோது அந்தத் தண்ணீர் சிவப்பாக இருந்தது.

வேலை மேஜைக்குக் கீழே குப்புறக் கிடந்தார் சீட்டு மாமா.

வானத்தில் விமானம் தீப்பிடித்தால், விமானியை அப்படியே வெளியே தூக்கி எறிந்து காப்பாற்றும் இருக்கை ஒன்று உண்டு. அதைப் பொருத்துவதுதான் அவர் வேலை. முப்பத்தொரு வருடமாக! அதனால்தான் சீட்டு மாமா. அவர் பொருத்திய இருக்கைகளால் இதுவரை நான்கு பேர் உயிரோடு தரை இறங்கியிருந்தார்கள்.

அவரை இழுத்து வெளியே எறிய ஒரு இருக்கையும் இல்லை.

முதலில் ஓடி வந்தவர் உற்பத்தி மேலாளர். ஃபாக்டரி முழுக்க அவருக்குத் 'தேதி சார்' என்று பெயர். பன்னிரண்டு விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு, மூன்று வருடமாக அவர் அனுப்பி வைத்தவை தேதிகள் மட்டும்தான்.

"ஐயோ... மாமா!"

குனிந்தார். நாடியைத் தொட்டார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு அவர் கண் மெல்ல மேஜைக்குப் போனது. அங்கே விமானத்தின் சோதனைகளைப் பதியும் தடித்த புத்தகம் ஒன்று திறந்து கிடந்தது.

"கடைசி வரியில சீல் குத்திட்டாரா?"

துப்புரவுப் பெண் அவரை வெறித்தாள்.

"சார்... செத்துக் கிடக்கறாரு சார்..."

"தெரியுது... குத்திட்டாரா?"

எட்டு வரிகள். ஏழில் நீல முத்திரை.

எட்டாவது வரி வெறுமையாக இருந்தது!

* * *

இன்ஸ்பெக்டர் பெண். வயது நாற்பத்தெட்டு. யாரையும் அவசரப்படுத்தாத குரல். எதிரில் இருப்பவர் சொல்லி முடித்த பிறகும் இரண்டு நொடி பேசாமல் இருப்பார். அந்த இரண்டு நொடியில் பல பேர் சொல்ல நினைக்காததையும் சொல்லிவிடுவார்கள்.

கூடவே உதவி இன்ஸ்பெக்டர். ஸ்டேஷனில் அவனுக்கு 'ஒல்லி' என்று பெயர். உடம்பில் சேராததெல்லாம் வாயில் சேர்ந்திருந்தது.

டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"பின்மண்டையில ஒரே அடி. செத்தது ஆறுலேர்ந்து ஆறரைக்குள்ள."

"எதால அடிச்சிருக்கு?"

"உருண்டையான இரும்புத் தடி. காயத்தைச் சுத்தித் தோல்ல சின்னச் சின்னதா கட்டம் கட்டமா பதிஞ்சிருக்கு பாருங்க. வழுக்காம பிடிக்கக் கைப்பிடியில செதுக்கியிருப்பாங்களே... அந்த மாதிரி."

ஒல்லி அறையைச் சல்லடையாகச் சலித்தான். தடி இல்லை. கட்டம் போட்ட கைப்பிடியும் இல்லை.

இன்ஸ்பெக்டர் பிணத்தின் கையைப் பார்த்தார். விரல்களுக்கு நடுவே குட்டையான ரப்பர் முத்திரை. நீல மை இன்னும் காயவில்லை.

'குத்தறதுக்காகத்தான் கையில எடுத்திருக்காரு... குத்த விடலை.'

"மேடம்..." தேதி சார் வியர்வையைத் துடைத்தார். "பாடியை எப்ப எடுப்பீங்க?"

"ஏன்? அவருக்கு ஏதாவது அவசரமா?"

"எனக்கு அவசரம் மேடம்! பன்னண்டு மணிக்கு, விமானம் வாங்கற நாட்டுலேர்ந்து கர்னல் வர்றாரு. அவர் கண் முன்னாடி முதல் விமானம் பறந்தாகணும். இன்னைக்குப் பறக்கலைன்னா பன்னண்டும் ரத்து. எழுத்துல குடுத்துட்டாங்க. ரெண்டாயிரம் பேர் வேலை பார்க்கற இடம் மேடம் இது..."

"சீல் இல்லாம பறக்கலாமா?"

"கூடாது. பக்கத்து யூனிட்லேர்ந்து இன்னொரு ஆளை வரச் சொல்லியிருக்கேன். பார்த்துட்டு அவர் குத்திடுவாரு."

"மாமா ஏன் இத்தனை நாள் குத்தலை?"

"நேத்து சாயங்காலம்தான் சீட்டை உள்ளே ஏத்தினாங்க. போல்ட்டுங்களைக் கடைசியா ஒருதடவை முறுக்கிப் பார்த்துட்டு, காலையில சீக்கிரமா வந்து குத்தறேன்னாரு."

"இல்லை... குத்த மாட்டேன்னாரா?"

"அப்படி எதுவும் இல்லை மேடம்," என்றார் தேதி சார்.

இரண்டு நொடி.

"மேடம், நான் மூணு வருஷமா பொய்த் தேதி குடுக்கறவன்தான். ஒத்துக்கறேன். அதுக்காகக் கொலைகாரன் கிடையாது!"

"யாரும் அப்படிச் சொல்லலையே சார்," என்றான் ஒல்லி. "நீங்களே ஏன் தேதி குறிக்கறீங்க?"

* * *

விமானத்தின் மூக்குக்குக் கீழே இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

ஒருவன் பறக்கும் உடையில் இருந்தான். முப்பத்து மூன்று வயது. இன்று இந்த விமானத்தைப் பறக்கவிடப் போகிற விமானி.

இன்னொருத்தி சாம்பல் நிற மேலங்கியில். காதில் பென்சில். இந்த ஹேங்கரின் கருவி அறை அவள் பொறுப்பு. கூடப் பிறந்த தம்பியான அவன் 'அக்கா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது ஃபாக்டரிக்கே அவள் அக்கா.

அவனுக்கு நான்கு வயதாக இருக்கும்போது அம்மா போய்விட்டாள். அன்றைக்கு அக்காவுக்குப் பதினேழு. அவன் பள்ளிக்கூடம், அவன் காய்ச்சல், அவன் பரீட்சை என்று வருடங்கள் ஓடின. கல்யாணம் என்ற ஒன்று அவளுக்குத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் யாரும் சொல்லாமலே ரத்தானது.

"நீ ஏறாதே," என்றாள் அக்கா.

"அக்கா..."

"மாமா சீல் குத்தாத சீட்டுல நீ உட்காரக் கூடாது. அவ்வளவுதான்."

"இன்னொருத்தர் பார்த்துக் குத்துவாரு. நான் பறக்கறது மேலே. நீ ஏன் கீழே நின்னு நடுங்கறே?"

"வாயை மூடு. கண்ணைப் பாரு, எப்படிச் சிவந்திருக்கு. அழுதியா?"

"அது மாமா, அக்கா! சின்னப் பையனா வந்தப்ப என்னை இதே மாதிரி ஒரு சீட்டுல உட்கார வச்சு, ராஜா மாதிரி இருக்கேன்னு சொன்னவரு. அழாம என்ன பண்றது?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் நெருங்கினார்.

"கேப்டன், விமானம் வெளிநாட்டுக்குப் போனா நீங்களும் போவீங்களா?"

"ஆமா மேடம். மூணு விமானமும் சேர்ந்து போகும். ரெண்டு வருஷம் அங்கேயே இருந்து அவங்க ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும். அவங்க மொழிகூடக் கத்துக்கிட்டேன்."

"அங்கே சண்டை நடக்குதே?"

"சண்டை நடக்கலைன்னா எதுக்கு மேடம் இதை வாங்கறாங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்குள் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அவன் ஏறுவானா... மாட்டானா?

"அக்காவுக்கு நான் இன்னும் நாலு வயசுப் பையன் மேடம். தெருவைத் தாண்டறதுக்கே கையைப் பிடிச்சுப்பா."

"தெருவைத் தாண்டறப்ப யாரும் மேலேர்ந்து சுட மாட்டாங்கடா," என்றாள் அக்கா. குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை.

* * *

வாசல் காவலாளியின் பதிவேடு. ஆறரை மணிக்கு முன்னால் உள்ளே வந்தவர்கள் மூன்றே பேர்.

சீட்டு மாமா, ஐந்து நாற்பது.

தேதி சார், ஐந்து ஐம்பது.

அக்கா, ஆறு மணி.

"விமானம் கிளம்பற அன்னைக்குச் சீக்கிரம் வந்து எல்லாத்தையும் எண்ணணும் மேடம்," என்றாள் அக்கா, கருவி அறையின் கம்பிக் கதவைத் திறந்தபடி.

உள்ளே போன ஒல்லி விசிலடித்தான்.

நான்கு சுவர்களிலும் பலகைகள். ஒவ்வொரு கருவியின் உருவமும் சிவப்பு வண்ணத்தில் வரையப்பட்டு, அதன் மேலேயே அந்தக் கருவி தொங்கியது. ஸ்க்ரூடிரைவர், ஸ்பானர், குறடு, குட்டிக் கண்ணாடி...

"ஒண்ணை எடுத்தா சிவப்பு தெரியும்," என்றாள் அக்கா. "எடுத்தவன் தன் நம்பர் போட்ட வில்லையை அந்த இடத்துல மாட்டிட்டுப் போகணும். சாயங்காலம் சிவப்பு தெரியக் கூடாது."

"தெரிஞ்சா?"

"ஹேங்கர்ல இருக்கற ஒரு விமானமும் நகரக் கூடாது. ஒரு ஸ்க்ரூடிரைவர் விமானத்துக்குள்ள விழுந்து கிடந்தா, மேலே போனப்புறம் அது எங்கேயாவது மாட்டிக்கும். அதனால எல்லாத்தையும் பிரிச்சு, கிடைக்கறவரைக்கும் தேடணும். ஒரு மாசம் ஆகும். ரெண்டு மாசமும் ஆகும்."

"இன்னைக்கு எண்ணினீங்களா?"

"நானூத்திப் பன்னண்டு." நிமிர்ந்தாள். "ஒண்ணும் தொலையலை."

அந்தச் சொற்களில் ஒரு பெருமை இருந்தது. பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் வீடு வந்து சேர்ந்துவிட்ட தாயின் பெருமை.

இன்ஸ்பெக்டர் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவது பலகையில் நின்றார்.

முழங்கை நீளத்தில் ஒரு டார்க் ரெஞ்ச். போல்ட்டை இவ்வளவுதான் முறுக்கலாம் என்று அளந்து முறுக்கும் கருவி. கைப்பிடி உருண்டை. அதில் வழுக்காமல் இருக்க... சின்னச் சின்னக் கட்டங்கள்!

"டாக்டரைக் கூப்பிடு," என்றார்.

டாக்டர் வந்தார். பஞ்சை மருந்தில் நனைத்தார். கைப்பிடியின் பள்ளங்களில் தேய்த்தார். மூன்று எண்ணுவதற்குள் பஞ்சின் நிறம் மாறியது.

"ரத்தம்! மண்ணெண்ணெயில கழுவியிருக்காங்க. ஆனா பள்ளத்துக்குள்ள இருந்தது போகலை."

ஒல்லி பலகையில் காலியாகத் தெரிந்த சிவப்பு உருவத்தைப் பார்த்தான்.

"மேடம்... கொலை பண்ணினவன் ஆயுதத்தைக் கிணத்துல போடுவான். குப்பையில போடுவான். கழுவித் துடைச்சு எடுத்த இடத்துலயே மாட்டி வச்சவனை இப்பத்தான் பார்க்கறேன்!"

"இந்த அறைக்கு எத்தனை சாவி?"

அக்கா தன் சாவிக்கொத்தைத் தொட்டாள். "ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு... தேதி சார்கிட்ட."

* * *

பத்தே முக்கால்.

தேதி சாரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்கிட்ட சாவி இருக்கு. சரி. அதுக்காக? நான் மேஜை ஆளு மேடம்! இந்த ரூமுக்குள்ள நான் வந்து ஒரு வருஷம் இருக்கும்!"

"மாமா சீல் குத்தலைன்னா ஆர்டர் போகும். உங்களுக்குத்தானே அவசரம்?"

"அவரைக் கொன்னா சீல் யாரு குத்துவா? யோசிச்சுப் பாருங்க!"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். அந்தக் கேள்வி காலையிலிருந்தே அவரையும் குடைந்துகொண்டிருந்தது. முத்திரை மாமாவின் கையில்... மை காயாமல். குத்த மறுத்தவர் முத்திரையைக் கையில் எடுப்பாரா?

பலகையிலிருந்து இன்னொரு ரெஞ்சை எடுத்தார். கொஞ்சம் சின்னது. கைப்பிடியில் இருந்த எண் வளையத்தை நாற்பதுவரை திருகிவிட்டு, தேதி சாரிடம் நீட்டினார்.

"இதை அதோட இடத்துல மாட்டுங்க."

"இதையா?"

தேதி சார் ரெஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று சிவப்பு உருவங்களுக்கு முன்னால் போய் நின்றார். கடைசியில், நீளமான ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்தில் தலைகீழாக மாட்டினார்.

டணார்!

ரெஞ்ச் தரையில் விழுந்தது.

யாரும் குனிவதற்குள் அக்கா குனிந்துவிட்டாள்.

எடுத்தாள். மேலங்கிப் பையிலிருந்து துணியை உருவித் துடைத்தாள். காதருகே வைத்து ஒரு தடவை ஆட்டிக் கேட்டாள். கைப்பிடி வளையத்தைப் பின்னோக்கித் திருகி, நாற்பதிலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டு வந்தாள். தலை இடப்பக்கம் வரும்படி அதன் சிவப்பின் மேல் மாட்டினாள்.

ஐந்து நொடிகூட ஆகவில்லை. அவள் கண்கள் அந்த நேரம் முழுக்க எங்கோ இருந்தன. கைகள்தான் எல்லாவற்றையும் செய்தன.

"எதுக்கு அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பினீங்க?" இன்ஸ்பெக்டரின் குரல் மிகவும் மென்மையாக இருந்தது.

"முறுக்கினபடியே விட்டா உள்ளே ஸ்பிரிங் செத்துப்போகும். அளவு தப்பும்."

"எல்லாரும் இப்படித் திருப்பித்தான் மாட்டுவாங்களா?"

"எங்கே மாட்டறாங்க! எவ்வளவு சொன்னாலும் எவனும் திருப்ப மாட்டான். சும்மா தூக்கி மாட்டிட்டுப் போயிடுவான். அப்புறம் நான்தான் ஒவ்வொண்ணா..."

நின்றாள்.

மூன்றாவது பலகையிலிருந்து எடுத்து, உறையில் போட்டிருந்த ரெஞ்சை இன்ஸ்பெக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

ஒரு போல்ட்டை முறுக்க எடுத்த ரெஞ்ச்.

ஒரு மனிதரைக் கொன்ற ரெஞ்ச்.

வளையம் பூஜ்யத்தில் இருந்தது!



இரண்டு நொடி... மூன்று... நான்கு...

இன்ஸ்பெக்டர் தேதி சார் பக்கம் திரும்பினார்.

"சார், மூணு வருஷத் தாமதத்துக்கு என்னென்ன காரணம் எழுதி அனுப்பினீங்க?"

"எஞ்சின் லேட்டா வந்ததுன்னு முதல் ஆறு மாசம். அது நிஜம். அப்புறம்... எல்லாம் இந்த ரூம்தான் மேடம். விமானத்தை வெளியே இழுக்க ஒரு வாரம் இருக்கும். கரெக்டா ஒரு ஸ்க்ரூடிரைவர் காணாமப் போகும். பிரிச்சுத் தேடுவோம். அடுத்த தேதி குடுப்போம். அப்ப ஒரு குறடு. அதுக்கப்புறம் குட்டிக் கண்ணாடி... அஞ்சு தடவை!"

"யாரு கண்டுபிடிச்சா?"

"அக்காதான். அஞ்சு தடவையும். ரெண்டாயிரம் பேர் தேடியும் கிடைக்காதது இவங்க கண்ணுல படும். ஒவ்வொரு தடவையும் பாராட்டி சர்ட்டிஃபிகேட்கூட..."

தேதி சாரின் குரல் தேய்ந்து நின்றது. அவர் மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தார். ஒரு வெளிநாட்டின் விமானப் படை, இரண்டு அரசாங்கங்கள், முப்பத்தேழு மன்னிப்புக் கடிதங்கள்... எல்லாவற்றுக்கும் காரணம் சாம்பல் மேலங்கி போட்டு எதிரில் நின்றிருந்தது.

"நீயா?" என்றார். "நீயாம்மா?"

* * *

அக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. நெடுநாள் சுமந்ததைக் கீழே வைத்தவளின் களைப்புதான் இருந்தது.

"முதல் ஸ்க்ரூடிரைவர் நிஜமாவே தொலைஞ்சது மேடம். விமானம் கிளம்பறதுக்கு நாலு நாள் முன்னாடி. அன்னைக்குத் தம்பி வீட்டுக்கு வந்து, 'பயணம் தள்ளிப் போச்சுக்கா'ன்னு பையைப் பிரிச்சுத் துணியை அலமாரியில திரும்ப அடுக்கினான். ஒவ்வொரு சட்டையா... அதைப் பார்த்துட்டே நின்னேன். அப்பத்தான் தெரிஞ்சது. இது என் கையில இருக்குன்னு."

"அடுத்ததுலேர்ந்து நீங்களே தொலைச்சீங்க."

"வெளியே எடுத்துட்டுப் போகலை. சத்தியமா. இந்த மேஜைக்கு அடியிலதான் ஒட்டி வப்பேன். எல்லாம் இந்த ரூம்லயே இருந்துச்சு."

திருட்டு என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற கவலை, அந்த நேரத்திலும், அவள் குரலில் இருந்தது.

"மாமாவுக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"போன மாசம் பார்த்துட்டாரு. யார்கிட்டயும் சொல்லலை. நல்ல மனுஷன். இன்னைக்குக் காலையில போல்ட் பார்க்க ரெஞ்ச் கேட்டாரு. நானே கொண்டு போனேன். ஒவ்வொரு போல்ட்டா முறுக்கிப் பார்த்துட்டு என் கையில குடுத்தாரு. 'சீட்டு சுத்தமா இருக்கும்மா, உன் தம்பிக்கு ஒண்ணும் ஆகாது'ன்னாரு."

"அதாவது சீட்டுல குறையே இல்லை!" ஒல்லி வாய் பிளந்தான்.

"இல்லை. இருந்திருந்தா அவனை நான் ஏன் கொல்லணும்..." தவறாகச் சொல்லிவிட்டதை உணர்ந்து, "அவரை," என்றாள்.

"அப்புறம்?"

"சீல் குத்தாதீங்க மாமான்னேன். இன்னும் ஒரே ஒரு தடவைன்னேன். அவர் சிரிச்சாரு. 'அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறேம்மா. ஒரு விமானமாவது இந்தக் கதவைத் தாண்டிப் போறதைப் பார்த்துட்டுப் போறேனே. இந்தத் தடவை எதுவும் தொலைஞ்சா நான் சொல்லிடுவேன்'னாரு. சொல்லிட்டுத் திரும்பினாரு. முத்திரையை மையில ஒத்தினாரு. அந்தச் சத்தம் கேட்டுது மேடம். 'பச்சக்'குன்னு... என் கையில ரெஞ்ச் இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் எதுவும் எழுதவில்லை. அவருக்கு ஒரு மகள். கடல் தாண்டிப் படிக்கப் போனவள். அவள் கிளம்புவதற்கு முதல் நாள் பாஸ்போர்ட்டை எடுத்து அரிசி டப்பாவுக்குள் மறைத்து வைத்தவர் அவர். ஒரே ஒரு பகல். சாயங்காலம், 'இங்கதான் இருக்கு, ஒழுங்கா தேடினாத்தானே' என்று திட்டிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். அந்தப் பகலை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எடுத்துக் கொடுத்துவிட்டவளுக்கும் கொடுக்காதவளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒண்ணு சொல்லுங்க," என்றார். "அந்த ரெஞ்சைத் தூக்கி எங்கேயாவது எறிஞ்சிருந்தா, கணக்குல ஒண்ணு குறைஞ்சிருக்கும். உங்க ரூல்படியே விமானம் நின்னிருக்கும். நீங்க நினைச்சது நடந்திருக்கும். எதுக்குத் திரும்ப மாட்டினீங்க?"

அக்கா தன் கைகளைப் பார்த்தாள். யாருடைய கைகளோ என்பதுபோல.

"தெரியலை மேடம். மாமா விழுந்தாரு. அடுத்தது எனக்கு ஞாபகம் வர்றப்ப நான் இங்கே நிக்கறேன். நானூத்திப் பன்னண்டுன்னு எண்ணி முடிச்சிருக்கேன்."

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ சத்தம்.

தம்பி நின்றிருந்தான். தலைக்கவசம் அவன் கையில் ஆடியது. எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் கேட்டுவிட்டான் என்பது அவன் முகத்திலேயே இருந்தது.

"அக்கா..."

அவள் நிமிரவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா... போகாதேன்னு ஒரு வார்த்தை..."

"சொல்லியிருந்தா நீ போகாம இருந்திருப்பியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பொய் சொல்லத் தெரியாதவனாகத்தான் அவனை அவள் வளர்த்திருந்தாள்.

* * *

பதினொன்றே முக்கால்.

பக்கத்து யூனிட் ஆள் வந்து, ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்து, எட்டாவது வரியில் முத்திரை குத்தினார். விமானம் மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஹேங்கர் கதவைத் தாண்டி வெயிலுக்கு வந்து நின்றது. யாரும் கைதட்டவில்லை.

அக்காவை ஒல்லி ஜீப்பை நோக்கி நடத்தினான். விலங்கு போட்டிருந்தது.

"அவன் பறக்கறதை மட்டும் நான் பார்க்கக் கூடாதா?" என்றாள்.

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். ஒல்லி அவளை ஜீப்புக்குப் பக்கத்திலேயே நிறுத்தினான்.

கறுப்புக் கார் ஒன்று வந்தது. கர்னல் இறங்கினார். நரைத்த தலை. கட்டுப் போட்ட இடது கை. விமானத்தை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. தேதி சார் நீட்டிய பூங்கொத்தை வாங்காமல், தன் மொழியில் மெதுவாக, நீளமாகப் பேசினார்.

தேதி சார் விழித்தார். "கேப்டன்... என்ன சொல்றாரு?"

தம்பியின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"சொல்லுப்பா! பறக்கலாமாமா?"

"நாலு நாள் முன்னாடி அவங்க ஓடுபாதையில குண்டு விழுந்திருக்கு. விமானக் கொட்டகையும் போயிடுச்சாம்..." ஒவ்வொரு சொல்லாக வெளியே வந்தது. "இப்ப விமானம் வந்தா இறக்க இடம் இல்லையாம். லேட்டுன்னு மூணு வருஷமா உங்களைத் திட்டிட்டு, இதை எப்படிக் கடிதத்துல எழுதறதுன்னு வெட்கப்பட்டு நேர்ல வந்திருக்காராம்..."

"அதாவது?"

"எல்லாத்தையும் ஒரு வருஷம்... தள்ளிப்போட முடியுமான்னு கேக்கறாரு."



"நானும் வர வேண்டாமாம்," என்றான் தம்பி. யாரையும் பார்க்காமல் சொன்னான். "வெளிநாட்டு ஆளுங்க உயிருக்கு இப்போதைக்குப் பொறுப்பு ஏத்துக்க முடியாதாம்."

ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற அக்கா அதைக் கேட்டாள். அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, அழுகையா என்று இன்ஸ்பெக்டரால் சொல்ல முடியவில்லை. பிறகு அவள் தானாகவே ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

தேதி சார் பூங்கொத்தோடு அப்படியே நின்றிருந்தார்.

"தள்ளிப்போடணுமா?" என்று தனக்குத்தானே முனகினார். "நேத்தே சொல்லியிருந்தா... மாமா..."

ஒல்லி ஜீப்பின் கதவைச் சாத்தினான். வழக்கமான இளிப்பு அவன் முகத்தில் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காதே!

"விடுங்க சார். மூணு வருஷத்துல உங்க ஃபாக்டரியில நேரத்துக்கு முன்னாடியே முடிஞ்ச ஒரே வேலை... அந்தக் கொலைதான்!"